சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஹாலுக்கு உழைக்கும், உடம்புக்கு இதமான ஃபர்னிச்சர் வாங்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டின் முதல் சோபா இரண்டு வருடம் முடிவதற்குள் நடுவில் குழிந்துவிட்டது. யார் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் குழியை நோக்கிச் சரிவார்கள். பழுது பார்க்க வந்தவர் அதைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கறுப்புத் துணியைக் கிழித்தார். உள்ளே மெல்லிய கட்டைகள். மூலைகளில் பசையும் இல்லை, திருகும் இல்லை, வெறும் ஸ்டேப்ளர் பின்கள். ஒரு கட்டை அதன் கணுவிலேயே விரிந்திருந்தது. “வாங்கும்போது ஒரு தடவை இப்படிக் கவிழ்த்துப் பார்த்திருந்தா வாங்கியிருக்க மாட்டீங்க” என்றார். கடையில் நாங்கள் பார்த்தது நிறத்தையும் குஷனின் பருமனையும் மட்டும்தான்.

அந்த சோபாவில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அது தாழ்வாகவும் ஆழமாகவும் இருந்ததால், முழங்கால் வலி உள்ள என் அம்மா அதில் உட்காரவே மாட்டார். நாங்கள் எல்லோரும் சோபாவில் இருக்க, அவர் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு ஓரமாக உட்காருவார். வீட்டில் ஒருவரை ஓரத்துக்குத் தள்ளும் சோபா எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

அதற்கப்புறம் வாங்கிய ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, அளந்து, உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். அப்படிக் கற்றுக்கொண்டதை, வாங்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ஒரு வாரம் உங்கள் ஹாலைக் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன், இப்போதைய ஹால் எப்படிப் புழங்குகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். யார் எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள்? யாராவது படுக்கிறார்களா? பிள்ளைகள் சோபாவின் கைப்பிடி மேல் ஏறி உட்காருகிறார்களா? மடிக்கணினியில் வேலை நடக்கிறதா? தட்டோடு வந்து உட்காருபவர் யார்? நாயோ பூனையோ உண்டா? மதிய வெயில் எந்த இடத்தில் விழுகிறது?

இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தினம் 4 மணி நேரம் சோபாவில் படுத்துப் படம் பார்க்கும் வீட்டுக்கும், விருந்தினர் வந்தால் மட்டும் ஹாலில் உட்காரும் வீட்டுக்கும் ஒரே சோபா சரிப்படாது. இன்னொன்றும் இந்தக் கவனிப்பில் தெரியும்: பணத்தை எங்கே போட வேண்டும் என்பது. தினமும் உடல் எடையைத் தாங்குகிற பொருளுக்குத்தான் பட்ஜெட்டின் பெரும்பங்கு. பூச்சாடி வைக்கும் சின்ன மேசை சுமாராக இருந்தாலும் யாருக்கும் முதுகு வலிக்காது.

2. தரையில் செய்தித்தாள் விரித்து அளவைத் தீர்மானியுங்கள்

கடையின் பெரிய கூடத்தில் சின்னதாகத் தெரியும் சோபா வீட்டுக்கு வந்ததும் அறையையே அடைத்துக்கொள்ளும். அதனால் உத்தேசித்திருக்கும் சோபாவின் நீள அகலத்துக்குச் செய்தித்தாளைத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடமாடுங்கள். ஆள் நடக்கும் முக்கியமான வழிக்கு 75 முதல் 90 செ.மீ. வேண்டும். சக்கர நாற்காலியோ வாக்கரோ புழங்கும் வீட்டில் 90-க்குக் குறையக் கூடாது. சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே 40-45 செ.மீ. விட்டால் காலும் நீட்டலாம், கையும் எட்டும்.

டிவிக்கும் ஒரு கணக்கு உண்டு. திரையின் குறுக்களவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாகத் தெரியும். 55 அங்குல டிவியின் குறுக்களவு சுமார் 140 செ.மீ.; அப்படியென்றால் 2.1 மீட்டர் தூரம். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது தரையிலிருந்து 100-110 செ.மீ. டிவியைச் சுவரில் மேலே மாட்டிவிட்டு, கழுத்து வலிக்கு சோபாவைக் குறை சொல்லும் வீடுகள் நிறைய.

அப்புறம் வாசல். கதவின் திறப்பு, மாடிப்படித் திருப்பம், லிஃப்டின் உள்ளளவு, நடையின் அகலம் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சோபாவின் கால்கள் கழலுமா, முதுகுப் பகுதி தனியாக வருமா என்று கேளுங்கள். பெரிய சோபாவைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து சேர்க்கிற மாடல் என்றால் இந்தக் கவலை பாதி குறையும். வீடு மாற்றும்போதும் உதவும்.

‘எல்’ வடிவ சோபா வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இடதா வலதா என்பதைப் பெரும்பாலான கடைகளில் சோபாவுக்கு எதிரே நின்று, அதைப் பார்த்தபடி சொல்வார்கள். சில இடங்களில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தை வைத்துச் சொல்வார்கள். வாயால் சொல்லாதீர்கள். அறையின் படத்தைத் தாளில் வரைந்து, நீண்ட பகுதி எந்தச் சுவரை ஒட்டி வரவேண்டும் என்று காட்டி, அதை ஆர்டர் ரசீதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் உட்காரும் சோபா என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். மொத்த நீளம் 2 மீட்டர், இரண்டு கைப்பிடியும் 25 செ.மீ. அகலம் என்றால் மிச்சம் 150. ஆளுக்கு 50. பெரியவர் ஒருவர் நெருக்கடி இல்லாமல் உட்கார 55-60 செ.மீ. வேண்டும். அகலமான கைப்பிடி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஓர் ஆளின் இடத்தை அது தின்றுவிடும். அதேபோல், மூன்று பேர் சோபாவில் இரண்டே இரண்டு குஷன் என்றால் நடுவில் உட்காருபவருக்கு இடுக்குதான் இருக்கை.

3. இருக்கை உடம்புக்குப் பொருந்துகிறதா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வசதி என்பதை மெத்தென்று இருப்பதோடு குழப்பிக்கொள்கிறோம். கடையில் இரண்டு நிமிடம் உட்காரும்போது மிருதுவானதுதான் சுகமாகத் தெரியும். அரை மணி நேரம் கழித்து இடுப்பு உள்ளே புதைந்து, முதுகு வில்லாக வளைந்திருக்கும்.

முதலில் உயரம். பெரும்பாலானவர்களுக்குத் தரையிலிருந்து 42-46 செ.மீ. உயர இருக்கை ஒத்துவரும். வயதானவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் 45-50 செ.மீ. நல்லது. ஆனால் இந்த அளவை எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆள் உட்காரும்போது குஷன் சில சென்டிமீட்டர் அமுங்கும். சோபாவின் விவரச் சீட்டில் 45 என்று எழுதியிருந்தாலும், மிருதுவான குஷனில் நீங்கள் உண்மையில் 40-ல் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவரை உட்காரவைத்து, அமுங்கிய மட்டத்திலிருந்து டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

அடுத்தது ஆழம், அதாவது இருக்கையின் முன் விளிம்பிலிருந்து முதுகுக் குஷன் வரையுள்ள தூரம். முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்காலின் பின்மடிப்புக்கும் சோபா விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விளிம்பு காலை அழுத்தினால் அந்த ஆழம் உங்களுக்கு அதிகம். 50-55 செ.மீ. பலருக்கும் பொருந்தும். 60-க்கு மேல் போனால் அது காலை மடக்கிச் சாய்ந்து கிடப்பதற்கான சோபா. உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே வீட்டில் இருந்தால் நடுத்தர ஆழத்தில் வாங்கி, குள்ளமானவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுப்பதுதான் நடைமுறை. ஆழம் குறைந்ததை நீட்ட வழியே கிடையாது.

முதுகுச் சாய்மானம் லேசாகப் பின்னால் போக வேண்டும்; இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 100 முதல் 110 டிகிரி இருந்தால் இடுப்பில் பாரம் குறையும். தலையைத் தாங்கும் உயரமான முதுகு வேண்டுமா என்பது நீங்கள் எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கைப்பிடி, இருக்கையிலிருந்து 18-25 செ.மீ. உயரத்தில் இருந்தால் தோள் தூக்கிக்கொண்டு நிற்காது.

கடைசியாக எழுந்து பாருங்கள். கையை ஊன்றாமல், முன்னால் ஊசலாடாமல் எழ முடிகிறதா? வீட்டின் மூத்தவரைக் கட்டாயம் கடைக்கு அழைத்துப் போங்கள். அவருக்காக மொத்த சோபாவையும் உயரமாக வாங்கவேண்டும் என்பதில்லை. நாங்கள் அம்மாவுக்கென்று உறுதியான கைப்பிடியும் 48 செ.மீ. உயரமும் உள்ள ஒற்றை நாற்காலி ஒன்றை வாங்கி, சோபா வரிசைக்குள்ளேயே, டிவிக்கு நேராகப் போட்டோம். இப்போது பேச்சின் நடுவில் அவர் இருக்கிறார்.

ஒரு சோபாவை முடிவு செய்யும் முன் குறைந்தது 15 நிமிடம் அதிலேயே உட்காருங்கள், வீட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே. செருப்பைக் கழற்றுங்கள். படுப்பவர் படுத்துப் பார்க்கட்டும். கூச்சமே வேண்டாம், பத்து வருடம் அதில் உட்காரப் போகிறவர் நீங்கள்.

4. சட்டம்: கவிழ்த்து, தூக்கி, ஆட்டிப் பாருங்கள்

சோபாவின் ஆயுளில் பெரும்பகுதியை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத மரச்சட்டம்தான். ஃபோம் தொய்ந்தால் மாற்றலாம், துணி கிழிந்தால் மாற்றலாம். சட்டம் போனால் சோபாவே போனது மாதிரி.

நன்றாக உலர்த்திய கடின மரம் முதல் தரம். இங்கே ‘உலர்த்திய’ என்ற சொல்லுக்குத்தான் எடை அதிகம். ஈரம் மிச்சமுள்ள மரம் வீட்டுக்கு வந்தபின் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், இணைப்புகள் தளர்ந்து கிறீச்சிடும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் சூளையில் வைத்து ஈரத்தைக் குறைத்த மரத்தையே எடுப்பார்கள். பல அடுக்குகள் கொண்ட கனமான பிளைவுட்டும் நல்ல பொருள்தான். அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் அது எளிதில் பிளக்காது. பைன் போன்ற மென்மரங்கள், தடிமனாக இருந்து இணைப்பும் சரியாக இருந்தால், பரவாயில்லை. எடை தாங்கும் இடத்தில் பார்ட்டிகிள் போர்டோ (மரத்துகளை ஒட்டிச் செய்த பலகை) எம்.டி.எஃப். பலகையோ (மரநாரை அழுத்திச் செய்தது) இருந்தால் அந்த சோபாவை விட்டுவிடுங்கள். அவற்றில் திருகின் பிடிமானம் குறைவு. ஒருமுறை தளர்ந்த திருகு மறுபடி இறுகாது.

மரத்தைவிட இணைப்பை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொன்றின் முனையைச் செதுக்கி அதற்குள் இறக்கிப் பசையிட்ட இணைப்பு மிக உறுதியானது. மர முளைகள் வைத்துப் பசையிட்டதும் நன்று. நான்கு மூலைகளிலும் முக்கோணக் கட்டை வைத்துத் திருகு முடுக்கியிருந்தால், செய்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஸ்டேப்ளர் பின் துணியைப் பிடிக்க மட்டும்தான் இருக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் கடையில் எப்படிப் பார்ப்பது? மூன்று சோதனைகள் போதும்.

முன்பக்கத்தின் ஒரு மூலையைப் பிடித்து 15 செ.மீ. தூக்குங்கள். அதற்குள் முன்பக்கத்து மறு காலும் தரையை விட்டு எழ வேண்டும். அது தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள்.

இரண்டாவது, கைப்பிடியையும் முதுகையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மொத்த சோபாவும் நகரலாம். கைப்பிடி மட்டும் தனியாக ஆடக் கூடாது. கைப்பிடியின் பக்கவாட்டைக் கையால் அழுத்துங்கள். துணிக்கு அடியில் அட்டை மாதிரி நெளிந்தால் உள்ளே உண்மையிலேயே அட்டைதான் இருக்கும்.

மூன்றாவது, கடைக்காரரிடம் சொல்லிக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடித்துணியில் ஜிப் இருந்தால் திறந்து, கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். ஜிப் இல்லையென்றால் கால்கள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்றாவது தெரியும். சட்டத்தோடு ஒன்றாக வந்த கால், அல்லது உலோகத் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கிய கால் நம்பிக்கையானது. மரத்துகள் பலகையில் நேரடியாகத் திருகிய பிளாஸ்டிக் கால், பிள்ளைகள் சோபாவைத் தள்ளி விளையாடும் முதல் வாரத்திலேயே ஆட ஆரம்பிக்கும்.

பிரித்து மாட்டும் பொருள் எல்லாமே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. ஃபர்னிச்சர் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, வளைத்த மரத்துண்டுகள் ஆறு, திருகுகள் பத்து, நட்டுகள் இரண்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். அந்த வகை நாற்காலி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. திருகு எந்தப் பொருளைப் பிடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல மரத்தையோ உலோக நட்டையோ பிடிக்கும் போல்ட்டைப் பலமுறை கழற்றி மாட்டலாம்.

5. இருக்கையின் அடித்தளம்

குஷனை எடுத்துவிட்டு உள்ளங்கையால் அடியை அழுத்துங்கள். பெரும்பாலான சோபாக்களில் இரண்டில் ஒன்று இருக்கும்: பாம்பு போல வளைந்து ஓடும் கம்பி ஸ்பிரிங், அல்லது குறுக்கும் நெடுக்கும் பின்னிய எலாஸ்டிக் பட்டை. கம்பி கனமாகவும் நெருக்கமாகவும் இருந்து, பக்கத்துக் கம்பிகளோடு குறுக்குக் கம்பியால் கட்டியும் இருந்தால், எடை ஒரே இடத்தில் விழாமல் பரவும். எலாஸ்டிக் பட்டை என்றால் இடைவெளி இல்லாமல் நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டும். கைக்கு விறைப்பாக இருக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங்குகளை எட்டுத் திசையிலும் கயிற்றால் கட்டும் பழைய முறை நன்றாக உழைக்கும், ஆனால் வேலைப்பாடு அதிகம் என்பதால் விலையும் அதிகம். நல்ல கம்பி ஸ்பிரிங்கே ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

அழுத்தும்போது சத்தம் வந்தாலோ, நடுவில் ஓரிடம் மட்டும் கையை உள்ளே விட்டாலோ அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.

6. ஃபோம்: ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

கடைகளில் “ஹெவி ஃபோம் சார்” என்பார்கள். அந்தப் பதிலோடு நின்றுவிட வேண்டாம். எத்தனை டென்சிட்டி என்று கேளுங்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். தினமும் உட்காரும் இருக்கைக்கு 32-க்குக் குறையாமல் பாருங்கள். கனமான ஆட்கள் உள்ள வீடு, நாள் முழுக்கப் புழங்கும் ஹால் என்றால் 40. முதுகுக் குஷனில் பாரம் குறைவு என்பதால் அங்கே இதைவிட இலேசான ஃபோம் போதும்.

இங்கே பலரும் தடுமாறும் ஒரு விஷயம்: டென்சிட்டி வேறு, கடினம் வேறு. டென்சிட்டி அதிகமான ஃபோம் மிருதுவாகவும் இருக்கலாம், கெட்டியாகவும் இருக்கலாம். எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை டென்சிட்டி சொல்லும். உட்காரும்போது எப்படி இருக்கும் என்பதைக் கடினம் சொல்லும். இலேசான ஃபோமைக் கெட்டியாகச் செய்து, கடையில் நன்றாக இருக்கும்படி விற்க முடியும். ஒரு வருடத்தில் அது சப்பையாகிவிடும். சுண்ணாம்புத்தூள் மாதிரியான நிரப்பிகளைச் சேர்த்து எடையைக் கூட்டவும் முடியும் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் கையாலும் சோதியுங்கள்: குஷனை முழங்கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். உடனே, முழுதாக எழும்ப வேண்டும். ஜிப்பைத் திறந்து கசக்கிப் பார்த்தால் பொடி உதிரக் கூடாது.

‘ஹை ரெசிலியன்ஸ்’ என்ற வகை ஃபோம், அழுத்தம் எடுத்ததும் வேகமாக மீளும், இருக்கைக்கு ஏற்றது. துண்டு ஃபோம்களை அரைத்து ஒட்டிய கட்டி ஃபோம் மிகக் கெட்டியானது. அதை அடி அடுக்காகப் போட்டு மேலே நல்ல ஃபோம் வைத்தால் சரி. அதுவே முழு இருக்கையாக இருந்தால் உட்கார முடியாது. இறகோ பஞ்சு நாரோ நிறைத்த குஷன்கள் கொஞ்சும் மென்மை உடையவை, ஆனால் தினமும் தட்டி உப்பவைக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லாத வீட்டில் அவை எப்போதும் துவண்டே கிடக்கும்.

ஃபோம் மஞ்சளாக மாறியிருந்தால் பயப்படத் தேவையில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும் இயல்புடையது.

குஷன்கள் தனியாகக் கழற்றக்கூடியவையா, உறைக்கு ஜிப் உண்டா, இரண்டு பக்கமும் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால், ஆறேழு வருடத்தில் ஃபோமை மட்டும் மாற்றி சோபாவைப் புதிதாக்கலாம். இருக்கையோடு சேர்த்துத் தைத்த குஷன் பார்க்க மொழுமொழுவென்று அழகாக இருக்கும். அதைச் சரி செய்ய வேண்டுமானால் மொத்தத் துணியையும் பிரிக்க வேண்டும்.

7. துணியா, தோலா?

துணியின் உழைப்பை அளக்க மார்ட்டின்டேல் என்ற தேய்ப்புச் சோதனை இருக்கிறது. துணியை இயந்திரத்தில் வைத்து, நூல் அறும்வரை எத்தனை முறை தேய்க்க முடிகிறது என்று எண்ணுவார்கள். குடும்ப ஹாலுக்கு 25,000-க்கு மேல் இருக்கட்டும். பிள்ளைகளும் பிராணிகளும் உள்ள வீட்டில் 30,000-க்கு மேல். அதற்காக ஒரு லட்சம் என்று எழுதிய துணியைத் தேடிப் போக வேண்டாம். வீட்டில் துணி பெரும்பாலும் தேய்ந்து போவதைவிட, கறை படிந்தும், வெளுத்தும், பூனை நகம் பட்டும்தான் கெடுகிறது. துணியின் மேல் உருண்டை உருண்டையாக நூல் முடிச்சு கட்டும் தொல்லைக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. 4-க்குக் கீழே வேண்டாம். வெயிலில் வெளுப்பதற்கு 1 முதல் 8 வரை தரம். ஜன்னலோரம் வைப்பதென்றால் 5-க்கு மேல் உள்ளதைக் கேளுங்கள்.

எண் எதுவும் கிடைக்காத கடையில் மாதிரித் துணியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் சல்லடையாக ஊடுருவினால் நெசவு தளர்வு. நகத்தால் லேசாகக் கீறுங்கள்; நூல் எழும்பி வந்தால் அது குடும்பத்துக்கான துணி கிடையாது.

பாலியஸ்டர் கறைக்கும் தேய்மானத்துக்கும் தாங்கும், வெயிலையும் பருத்தியைவிட நன்றாகத் தாங்கும். பருத்தியும் லினனும் உடம்புக்கு இதம், வியர்வைக்கு நல்லது, ஆனால் கறையைக் குடித்துக்கொள்ளும், சுருங்கும். இரண்டும் கலந்த துணி ஒரு நல்ல சமரசம். பூனை வளர்ப்பவர்கள் வளையம் வளையமாக நூல் தெரியும் துணிகளைத் தவிருங்கள். நெருக்கமான பாலியஸ்டர் வெல்வெட்டில் நகம் மாட்ட வளையமே இல்லை என்பதால் அது ஆச்சரியப்படும் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். நிறத்தைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நிற நூல் கலந்து நெய்த நடுத்தரச் சாயல்கள் அழுக்கை மறைக்கும். கருப்பு அழுக்கை மறைக்கும் என்று நினைத்து வாங்கினால் தூசியும் ரோமமும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

துணியின் சீட்டில் ஓர் எழுத்து இருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீர் கலந்து துடைக்கலாம். எஸ் என்றால் தண்ணீர் கூடாது, கரைப்பான் மட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுமே ஆகும். எக்ஸ் என்றால் வேக்குவம் தவிர எதுவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எக்ஸ் துணி தினசரித் தலைவலி.

தோல் விஷயத்தில் சொற்கள் ஏமாற்றும். மேல்புறத் தோலை அப்படியே பதப்படுத்திய முழுத்தோல் வருடம் செல்லச் செல்ல மெருகேறும்; கீறலும் அதன் அழகில் சேர்ந்துவிடும். ‘பாண்டட் லெதர்’ என்பது தோல் கழிவை அரைத்துப் பசையோடு துணியில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பூசியது. சில வருடங்களில் செதில் செதிலாக உரியும், உரிந்தால் சரி செய்ய வழியே கிடையாது. பெயரில் லெதர் என்று வருவதால் பலர் அதைத் தோல் என்று நம்பி நல்ல பணம் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம். செயற்கைத் தோலான பி.யு. வகை, ஈரப்பதமும் வெப்பமும் கூடிய இடத்தில் மெல்ல மெல்லச் சிதையும். ரெக்சின் காலப்போக்கில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். துடைப்பது எளிது என்பதற்காக வாங்குவதென்றால், அது எத்தனை வருடத்துக்கு என்று தெரிந்தே வாங்குங்கள். என்னைக் கேட்டால், அதே பணத்துக்கு ஜிப் வைத்த நல்ல பாலியஸ்டர் கலப்புத் துணியைத்தான் சொல்வேன்.

8. டீபாய், டிவி மேசை, அலமாரி

டீபாயின் உயரம் சோபா இருக்கையின் மட்டத்திலோ அதற்கு 5 செ.மீ. கீழேயோ இருக்கட்டும். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை இருந்தால் வட்டமோ, முனை மழுங்கியதோ வாங்குங்கள். கண்ணாடி என்றால் டெம்பர்டு கண்ணாடி மட்டும். உடைந்தால் அது கூரிய பாளங்களாகப் பிளக்காமல் சின்னத் துண்டுகளாக உதிரும்.

பலகையால் செய்த டிவி மேசையும் அலமாரியும் தவறில்லை, ஆனால் ஓரங்களைப் பாருங்கள். பார்ட்டிகிள் போர்டின் எதிரி தண்ணீர். தரை துடைக்கும் ஈரம் ஓரம் வழியாகத்தான் உள்ளே போய் உப்பவைக்கும். எல்லா ஓரத்திலும், கண்ணில் படாத அடிப்பக்கத்திலும்கூட, ஓரப் பட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கியிருந்தால் இன்னும் நல்லது. பலகையில் ஈ-1 அல்லது அதைவிடக் கடுமையான தர முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் தரம் அது. கதவைத் திறந்ததும் கண் எரிந்தால் வாங்காதீர்கள்.

புத்தக அலமாரியில் தட்டின் நீளம்தான் சிக்கல். ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் 20 முதல் 40 கிலோ வரை இருக்கும். அதே தடிமன் பலகையில், நெருக்கமாக அடுக்கிய புத்தகத்தோடு தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு 16 மடங்காகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு தட்டு 80 செ.மீ.க்கு மேல் நீளமாக இருந்தால் நடுவில் ஒரு தாங்கு வேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள்: உயரமான அலமாரியையும் டிவியையும் சுவரோடு பட்டையோ எல்-கிளாம்போ போட்டுப் பிணையுங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும் குழந்தையின் எடைக்கு, நிமிர்ந்து நிற்கும் அலமாரி முன்னால் சாய்ந்துவிடும். கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வையுங்கள். குழந்தைக்குப் பிடித்த பொம்மையையும் ரிமோட்டையும் மேலே வைக்காதீர்கள். பொருளை இறக்கிய அன்றே துளை போட்டு முடித்துவிடுங்கள்.

9. ரீக்ளைனரும் சோபா கம் பெட்டும்

முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்ளும் ரீக்ளைனருக்குப் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்று திறந்து அளந்து பாருங்கள். இருபுறமும் சமமாக, சத்தமில்லாமல் திறந்து மூட வேண்டும். மூடும்போது குழந்தையின் விரலோ பூனையோ உள்ளே மாட்டும் ஆபத்து உண்டு என்பதால் கைக்குழந்தை வீட்டில் கொஞ்சம் பொறுக்கலாம். சோபா கம் பெட்டை மாதம் ஒருமுறை விருந்தினருக்காக வாங்கலாம். தினமும் ஒருவர் தூங்குவதற்கென்றால் கட்டிலே மேல். தினசரி மடக்கலில் கீல்கள் வெகு சீக்கிரம் தளரும், பலகையின் இணைப்பு முதுகில் குத்தும்.

10. ஆர்டர் கொடுக்கும்போது

வாரண்டி எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். பத்து வருட வாரண்டி என்பது பெரும்பாலும் சட்டத்துக்கு மட்டும் இருக்கும்; ஃபோமுக்கும் துணிக்கும் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். மரத்தின் வகை, ஃபோமின் டென்சிட்டி, துணியின் பெயரும் எண்ணும், வெளி அளவுகள், திரும்பப் பெறும் விதி எல்லாம் ரசீதில் எழுத்தாக வரட்டும். எழுதித்தர மறுக்கிற கடையில் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். உறைத் துணியில் இரண்டு மீட்டர் கூடுதலாகத் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு குஷன் மட்டும் கிழிந்தால் அதே நிறம் கையில் இருக்கும்.

பணம் குறைவாக இருந்தால் மட்டமான முழு செட்டைவிட, நல்ல சட்டமுள்ள ஒரு சோபாவை மட்டும் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு சேர்ப்பது நல்லது. பழைய சோபாவும் நல்ல வழிதான். சட்டம் அசையாமல் இருந்தால் ஃபோமையும் துணியையும் மாற்றிவிடலாம். ஆனால் தையல் மடிப்புகளில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். மரத்தடியில் மாவு போன்ற தூள் கொட்டியிருந்தால் உளுத்தல். இரண்டில் ஒன்றைக் கண்டாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

வண்டி கிளம்புவதற்குள் மூலை தூக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள், ஏற்றி இறக்கும்போதும் சட்டம் அடிபடும். நான்கு காலும் தரையில் படிகிறதா என்று பார்த்து, கால்களுக்கு அடியில் கம்பளி ஒட்டு ஒட்டுங்கள். முதல் சில நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வாரம் ஒருமுறை குஷன்களைத் திருப்பி, இடமும் மாற்றிப் போடுங்கள். எல்லோருக்கும் பிடித்த அந்த ஒரு மூலைதான் முதலில் குழியும் என்பதால் இந்தச் சின்ன வேலை ஃபோமின் ஆயுளைக் கண்கூடாகக் கூட்டும். இடுக்குகளில் வேக்குவம் போடுங்கள். அங்கே தங்கும் மணல்தான் நூலை உள்ளிருந்து அறுக்கிறது. ஏதாவது கொட்டினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உறைகளைத் துவைப்பதென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் துவையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று மட்டும் வெளுத்துத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா போல்ட்டுகளையும் முடுக்குங்கள். எங்கள் வீட்டில் அதற்கான சாவியை சோபாவின் அடித்துணியில் இருக்கும் ஜிப்புக்கு உள்ளேயே ஒரு சின்னப் பையில் கட்டி வைத்திருக்கிறோம். அதை எடுக்க சோபாவைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்கும்போது சட்டத்தையும் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடலாம்.